காயடித்த சேவல் கற்றுத் தந்த பாடம்



ஒரே நாளில் பொரித்த இரண்டு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே கூண்டு, ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ஏழெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றுக்குக் கொண்டை தடித்து இரத்தச் சிவப்பாக நிமிர்ந்து நிற்கிறது. விடிவதற்கு முன்பே கூவுகிறது, வேறு சேவலைக் கண்டால் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது. மற்றதற்கோ கொண்டை சிறுத்து வெளிறிக் கிடக்கிறது. கூவுவதில்லை, கூவினாலும் அடைத்த தொண்டையில் வரும் ஒற்றைச் சத்தம்தான். சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறது. ஆனால் வால் இறகு மட்டும் முதல் சேவலுக்குச் சற்றும் குறையாமல் நீண்டு வளைந்து பளபளக்கிறது. சமையலுக்கு வெட்டினால் அதன் வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு திரள் திரளாக இருக்கும்.

இந்த வேறுபாடு முழுவதற்கும் ஒரே காரணம்தான். இரண்டாவது குஞ்சு சில வார வயதில் இருந்தபோது அதன் உடலுக்குள்ளிருந்து இரண்டு சிறு உறுப்புகள் நீக்கப்பட்டன. அவை விந்தகங்கள். குஞ்சுப் பருவத்தில் அவை ஏறக்குறைய ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும்.

இப்படி விந்தகம் நீக்குவதைத் தமிழில் காயடித்தல் என்பார்கள். காயடித்த காளையைத்தான் எருது என்கிறோம்; ஏரில் பூட்டினால் முரண்டு பிடிக்காமல் உழும். ஆட்டுக் கிடாவைக் காயடித்தால் கறியில் மொச்சை அடிக்காது என்பது ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். மலாய்மொழியில் இதைக் கெம்பிரி என்கிறார்கள். காயடித்த சேவலுக்கு ஆங்கிலத்தில் கேப்பன் என்று தனிப்பெயரே உண்டு. தென்சீனாவிலும் தைவானிலும் பெருநாள் படையலுக்கு இந்தச் சேவலைத்தான் தேடி வாங்குவார்கள். பிரான்சில் இது கிறிஸ்துமஸ் விருந்துக்கான பறவை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குகிறது. பறவைக்கு அப்படியில்லை. சேவலின் விந்தகங்கள் வயிற்றறைக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முன்முனைக்கு அருகில் இருக்கின்றன. பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே சேவலைக் காயடிப்பது உண்மையான அறுவைச் சிகிச்சை. கை தவறினால் பறவை செத்துவிடும். விந்தகத்தில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் போதும், அது மறுபடி வளர்ந்து கொண்டையைச் சிவக்க வைத்துவிடும். இந்தத் துணுக்கு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மனிதர்கள் இதை வெகு காலமாகச் செய்து வருகிறார்கள். சேவலைக் காயடித்தால் கொண்டை வெளிறும், கூவல் நிற்கும், குஞ்சிலேயே செய்துவிட்டால் சேவலுக்குரிய குணங்கள் வரவே வராது என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதாவது என்ன நடக்கும் என்பது இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பை எடுத்தால் தலையில் இருக்கும் கொண்டை ஏன் சுருங்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோட்டிங்கனில் ஆறு சேவல்கள்

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அர்னால்ட் அடால்ஃப் பெர்த்தோல்ட். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1848ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டு அவர் செய்த சோதனையை இன்று உயிரியல் படிக்கும் எவரும் ஒருமுறையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதெல்லாம் கைத்திறமையும் தெளிவாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும்தான்.

அந்தக் காலத்தில் உடலின் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பை நரம்பின் வழியாகத்தான் கட்டுப்படுத்துகிறது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அப்படியானால் விந்தகத்துக்கும் கொண்டைக்கும் நடுவில் நரம்பு இணைப்பு இருக்க வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது? கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெர்த்தோல்ட் ஆறு சேவல்களை மூன்று இணைகளாகப் பிரித்தார். முதல் இணையில் இரண்டு விந்தகங்களையும் எடுத்துவிட்டார். அவை எதிர்பார்த்தபடியே காயடித்த சேவல்களாக வளர்ந்தன: கொண்டை வெளிறியது, சண்டையில் கோழை, குரலில் ஒற்றைச் சத்தம்.

இரண்டாம் இணையில் ஒரு விந்தகத்தை மட்டும் எடுத்தார். மற்றதை அது ஒட்டியிருந்த இடத்திலிருந்து பிரித்து, உடலுக்குள்ளேயே விட்டுவிட்டார். இவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. கொண்டை சிவந்தது, கூவின, பெட்டைகளைத் துரத்தின. இந்த இணை ஏன் தேவை என்று நினைக்கிறீர்கள்? முதல் இணைச் சேவல்கள் சோர்ந்துபோனது அறுவைச் சிகிச்சையின் வலியால், காயத்தால் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? இரண்டாம் இணையும் கத்தியைச் சந்தித்தது. ஆனால் மாறவில்லை. ஆக, காரணம் காயம் இல்லை.

மூன்றாம் இணைதான் சோதனையின் உயிர். அவற்றில் இரண்டு விந்தகங்களையும் எடுத்தார். பிறகு ஒன்றின் விந்தகத்தை மற்றதன் வயிற்றுக்குள், குடல்களுக்கு நடுவில் வைத்துத் தைத்து மூடினார். அதாவது ஒவ்வொரு சேவலிடமும் அடுத்த சேவலின் விந்தகம், இருக்கக்கூடாத இடத்தில், அறுபட்ட நரம்புகளோடு கிடந்தது. நரம்புதான் காரணம் என்றால் இவை காயடித்த சேவல்களாகத்தான் வளர வேண்டும்.

அவை கூவின. சண்டையிட்டன. கொண்டையும் தாடியும் மற்றச் சேவல்களுக்கு நிகராக வளர்ந்தன.

சில மாதங்கள் கழித்து உடலைத் திறந்து பார்த்தபோது, இடம் மாற்றி வைத்த விந்தகம் குடலோடு ஒட்டிப் பிழைத்திருந்தது. அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. பழைய நரம்பு இணைப்பு இல்லை. பெர்த்தோல்ட் எழுதிய முடிவு இதுதான்: விந்தகம் இரத்தத்தில் ஏதோ ஒரு மாற்றத்தை உண்டாக்குகிறது; அந்த இரத்தம் உடல் முழுவதிலும் அதை எடுத்துச் சென்று செயல்படுகிறது. 1849இல் நான்கு பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது.

இன்று நாம் ஹார்மோன் என்று சொல்வதைத்தான் அவர் அன்று சொல்லிவிட்டார், அந்தச் சொல் மட்டும்தான் இல்லை. 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர்தான் ஹார்மோன் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் பெர்த்தோல்டின் சேவல்களை அறிவியல் உலகம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. நல்ல சோதனை செய்தால் உலகம் உடனே கைதட்டும் என்று எண்ண வேண்டாம்.

கொண்டையே அளவுகோல்

விந்தகம் இரத்தத்தில் கலப்பது என்ன பொருள்? அதைப் பிரித்தெடுக்க வேதியியலாளர்கள் முயன்றபோது பெரிய சிக்கல் ஒன்று வந்தது. மாட்டு விந்தகத்தை அரைத்து, கரைத்து, வடிகட்டி நூறு குப்பிகளில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். எந்தக் குப்பியில் அந்தப் பொருள் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று அதைக் காட்டும் கருவி எதுவும் இல்லை.

இருந்தது காயடித்த சேவல். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் சிறிது எடுத்து ஒரு காயடித்த சேவலுக்கு ஊசி போடுங்கள். சுருங்கிய கொண்டை வளர்ந்தால் அந்தக் குப்பியில் சரக்கு இருக்கிறது. எவ்வளவு வளர்ந்தது என்று அளந்தால் எவ்வளவு சரக்கு என்பதும் தெரியும். 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோக்கும் லெமுவல் மெக்கீயும் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ மாட்டு விந்தகத்திலிருந்து 20 மில்லிகிராம் சாற்றைத்தான் பிரிக்க முடிந்தது. அந்தத் துளியே காயடித்த சேவலின் கொண்டையை நிமிர்த்திவிட்டது. ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் வேறு வழியில் போனார். காவலர்களிடமிருந்து பல்லாயிரம் லிட்டர் சிறுநீரைத் திரட்டி, 1931இல் அதிலிருந்து சில மில்லிகிராம் ஆண் ஹார்மோனைப் பிரித்தார். இறுதியில் 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்னஸ்ட் லாக்கரின் குழு காளை விந்தகத்திலிருந்து தூய ஹார்மோனைப் பிரித்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் பூட்டனான்டும் லியோபோல்ட் ருசிக்காவும் அதைச் செயற்கையாக உருவாக்கினர். இருவருக்கும் 1939இல் வேதியியல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு முறையைக் கவனியுங்கள், தேர்வுக்கும் உதவும். முதலில் உறுப்பை நீக்கு, என்ன குறைகிறது என்று பார். பிறகு உறுப்பையோ அதன் சாற்றையோ திருப்பிக் கொடு, குறைந்தது மீள்கிறதா என்று பார். இரண்டும் பொருந்தினால்தான் "இது அதற்குக் காரணம்" என்று சொல்லலாம். நீக்கிப் பார்ப்பது மட்டும் போதாது. முன்பு சொன்ன துணுக்கு நினைவிருக்கிறதா? உள்ளே தங்கிய சிறு துண்டு மீண்டும் வளர்ந்து கொண்டையைச் சிவக்க வைப்பது, கோழிப்பண்ணைக்காரருக்கு நட்டம். அறிவியலாளருக்கு அது தானாகவே நடந்த ஒரு மீட்புச் சோதனை.

கொழுப்பு எங்கிருந்து வந்தது?

இனி, காயடித்த சேவலை விலை கொடுத்து வாங்குபவர் எதற்காக வாங்குகிறாரோ அதற்கு வருவோம்.

காயடித்தால் சேவல் பெரிதாக வளரும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. ஆராய்ச்சி முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சிலவற்றில் காயடித்த சேவல் எடை கூடியிருக்கிறது, சிலவற்றில் வேறுபாடே இல்லை, சிலவற்றில் குறைந்தும் இருக்கிறது. இனம், காயடித்த வயது, எத்தனை வாரம் வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது. கொழுப்பு விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வயிற்றுக் கொழுப்பும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பும், தசைக்குள் இழையோடும் கொழுப்பும் கூடுகின்றன.

கொழுப்பு இவ்வளவு தெளிவாகக் கூடும்போது எடை ஏன் தெளிவாகக் கூடவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

கொழுப்பில்லாத 100 கிராம் கோழித் தசையில் முக்கால் பங்கு தண்ணீர். புரதம் சுமார் 22 கிராம். ஒரு கிராம் புரதத்தில் 4 கிலோகலோரி ஆற்றல் என்றால் மொத்தம் 88 கிலோகலோரி. 100 கிராம் கொழுப்புத் திசுவில் தண்ணீர் மிகக் குறைவு. 85 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி. மொத்தம் 765. எட்டு மடங்குக்கும் மேல்! இதைத் திருப்பிப் பார்த்தால், 88 கிலோகலோரியைத் தசையாகச் சேமிக்கும் சேவல் தராசில் 100 கிராம் கூடிக் காட்டும். அதே ஆற்றலைக் கொழுப்பாகச் சேமிக்கும் சேவல் 12 கிராம்கூடக் கூடாது. புரதத்தைக் கட்டும் வேலைக்கே கூடுதல் ஆற்றல் செலவாகும் என்பதால் உண்மைக் கணக்கு இவ்வளவு கறாராக இராது. ஆனாலும் திசை இதுதான். தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வளர்வது தசை, தண்ணீரை விலக்கிவிட்டுச் சேர்வது கொழுப்பு. எடையை மட்டும் பார்த்து உடலில் என்ன நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இது மனிதருக்கும் பொருந்தும்.

டெஸ்டோஸ்டிரோன் தசையில் புரதம் சேர்வதை ஊக்குவிக்கிறது. அது இல்லாதபோது உண்ட தீவனத்தில் தசைக்குப் போகும் பங்கு குறைகிறது. கூடவே நடத்தையும் மாறுகிறது. எல்லைக்குச் சண்டையில்லை, பெட்டையைத் துரத்தும் ஓட்டமில்லை. செலவு குறைந்து வரவு அப்படியே இருந்தால் மிச்சம் சேரும்தானே.

அந்த மிச்சம் கொழுப்பாகும் இடம் எது என்று கேட்டால் பலர் கொழுப்புத் திசு என்பார்கள். பறவையில் அது தவறான விடை. எலிக்குக் கொழுப்புத் திசுவே கொழுப்பைத் தயாரிக்கும். கோழிக்கோ பெரும்பகுதிக் கொழுப்பு கல்லீரலில்தான் தயாராகிறது. கல்லீரல் அதைப் புரத உறையில் பொதிந்து இரத்தத்தில் விடுகிறது. கொழுப்புத் திசு வெறும் கிடங்கு. காயடித்த சேவலின் இரத்தத்தைச் சோதித்தால் கொழுப்பின் அளவு கூடியிருப்பதைப் பார்க்கலாம். கிடங்குக்குப் போகும் சரக்கு அது. தைவானின் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பறவைகளை நிறையச் சோதித்திருக்கிறார்கள். காயடித்த சேவலுக்கு டெஸ்டோஸ்டிரோனைத் திருப்பிக் கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு மீண்டும் இறங்குகிறது. நீக்கு, திருப்பிக் கொடு என்ற அதே முறை இங்கும் பொருந்துவதைப் பாருங்கள். கொழுப்போடு நிற்கவில்லை, காயடித்த சேவலின் கால் எலும்பு வலுக்குறைந்து எளிதில் முறிகிறது என்பதையும் அவர்களே கண்டார்கள்.

தசைக்குள் கொழுப்பு இழையோடுவதால் கறி மென்மையாக இருக்கும். வளர்ந்த சேவலின் கறி எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் நார் நாராக இழுக்கும் என்பது வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். காயடித்த சேவலை ஏழெட்டு மாதம் வளர்த்தாலும் அப்படி ஆகாது. அதற்குத்தான் கூடுதல் விலை.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கருத்தடை செய்த பூனை சில மாதங்களில் உருண்டு திரண்டு போய்விடும். உறுப்பை நீக்கியபின் பூனைக்குப் பசி கூடுகிறது, உடலின் ஆற்றல் தேவையோ குறைகிறது. அதனால்தான் கால்நடை மருத்துவர் உணவை அளந்து வைக்கச் சொல்கிறார்.

வால் மட்டும் ஏன் மாறவில்லை?

தொடக்கத்தில் ஒரு புதிரை விட்டு வந்தோம். கொண்டை சுருங்கியது, குரல் போயிற்று. சேவலின் அழகுக்கே அடையாளமான வால் இறகு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? கால்முள்ளும் வளர்ந்தே தீருகிறது.

காரணம், சேவல் இறகு ஆண் ஹார்மோனால் வருவதில்லை. கோழி இனத்தில் எந்த ஹார்மோனும் தலையிடாவிட்டால் இறகு தானாகவே சேவல் இறகாகத்தான் வளரும். பெட்டையின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அதைத் தடுத்து, அடக்கமான பெட்டை இறகாக மாற்றுகிறது. பெட்டையின் சூலகத்தை நீக்கினால் அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது அதற்குச் சேவல் இறகு வந்துவிடும்! ஆண் அடையாளம் என்று நாம் நினைத்த இரண்டில், கொண்டை ஒரு ஹார்மோன் இருப்பதால் வருகிறது, வால் இன்னொரு ஹார்மோன் இல்லாததால் வருகிறது.

சீப்ரைட் என்ற குட்டை இனச் சேவல் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று. அதன் சேவலுக்கும் பெட்டை இறகுதான். பழ ஈக்களை வைத்து மரபியலை நிலைநாட்டிய தாமஸ் ஹன்ட் மார்கன் இந்தச் சேவலைக் காயடித்துப் பார்த்தார். காயடித்தபின் அதற்குச் சேவல் இறகு முளைத்தது. ஆண்மையை நீக்கியதும் ஆண்போல் ஆன சேவல்! இதன் விளக்கம் பிற்காலத்தில்தான் கிடைத்தது. சீப்ரைட் சேவலின் தோலில் ஒரு நொதி அளவுக்கு மீறி இருக்கிறது. அது இரத்தத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. விந்தகத்தை எடுத்தால் மூலப்பொருளே இல்லை, ஈஸ்ட்ரோஜனும் இல்லை, சேவல் இறகு தானாக வளர்கிறது.

பெட்டைக் கோழியில் இன்னொரு விந்தை உண்டு. அதற்குச் சூலகம் ஒன்றுதான், இடப்பக்கம். வலப்பக்கத்தில் வளராத ஓர் எச்சம் மட்டும் கிடக்கிறது. இடச் சூலகம் நோயாலோ அறுவையாலோ அழிந்தால், இந்த வல எச்சம் சில வேளை விந்தகம் போன்ற உறுப்பாக வளரத் தொடங்கும். அப்போது கொண்டை பெருக்கும், கூவவும் செய்யும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1474இல் ஒரு "சேவல்" முட்டையிட்டது என்று குற்றம் சாட்டி, விசாரித்து, எரித்தே கொன்றார்கள். அது உருமாறிய பெட்டையாக இருந்திருக்கலாம். பாவம், அதற்காக வாதாட அன்று ஓர் உயிரியலாளரும் இல்லை.

பெட்டையின் கொழுப்பு வேறு கதை. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை முடுக்கி ஏராளமான கொழுப்பைத் தயாரிக்க வைக்கிறது. முட்டையிடும் கோழியின் இரத்த நீர் கொழுப்பால் பால்போல் கலங்கியிருக்கும். அந்தக் கொழுப்பெல்லாம் சூலகத்துக்குப் போய் மஞ்சள் கருவாகிறது. மஞ்சள் கருவின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு.

கழுத்தில் வைத்த மாத்திரை

ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைக் கூட்டும் என்றால், கத்தியே இல்லாமல் சேவலைக் கொழுக்க வைக்கலாமே என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். 1940களில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சிறு மாத்திரையாக்கிச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில், தலைக்குச் சற்றுக் கீழே வைத்தார்கள். வெட்டும்போது தலையோடு போய்விடும் என்பது கணக்கு. விந்தகம் சுருங்கியது, கொண்டை வெளிறியது, கொழுப்பு ஏறியது.

ஆனால் மாத்திரை எப்போதும் முழுதாகக் கரையவில்லை. வெட்டி ஒதுக்கிய தலைகளையும் கழுத்துகளையும் தின்ற பண்ணை மிங்க் விலங்குகள் குட்டி போடாமல் போயின. கறியிலும் எச்சம் இருப்பது தெரியவந்ததும் 1959இல் அமெரிக்க அரசு கோழிகளில் இதை நிறுத்தியது. அந்த ஆண்டுகளில் இதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்து வந்தார்கள். 1971இல், அப்படிப் பிறந்த மகள்கள் சிலருக்கு இளவயதிலேயே அரிய வகைப் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

நம் வீடுகளில் இன்றும் சொல்வார்களே, "பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வீங்க வைக்கிறான்" என்று, அந்தப் பயத்துக்கு இப்படியொரு பழைய வேர் இருக்கிறது. ஆகவே அதைச் சொல்லும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆனால் இன்றைய பண்ணைக் கோழி வேகமாக வளர்வதற்கு அது காரணமல்ல. இதுவரை படித்ததை வைத்தே நீங்கள் இதைக் கணிக்கலாம். பண்ணைக் கோழி ஐந்து, ஆறு வாரத்தில் சந்தைக்கு வந்துவிடுகிறது. சேவலின் விந்தகம் முழு வேகத்தில் ஹார்மோன் சுரக்க அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆகும். காயடித்தாலும் காயடிக்காவிட்டாலும் அந்த வயதில் பெரிய வேறுபாடு தெரியாது. வளர்ச்சி ஹார்மோனைத் தீவனத்தில் கலந்தாலும் பயனில்லை. அது புரதம், வயிற்றில் செரித்துவிடும்.

உண்மைக் காரணம் மரபுத் தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1957, 1978ஆம் ஆண்டுக் கோழி வகைகளை மாற்றாமல் காத்து வைத்திருந்தது. அவற்றையும் 2005ஆம் ஆண்டு வகையையும் ஒரே தீவனம் கொடுத்து 56 நாள் வளர்த்தார்கள். சராசரி எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்தவற்றையே இணை சேர்த்ததன் விளைவு அது. அப்படி வளர்ந்த கோழிக்குக் காலும் இதயமும் அந்த எடைக்கு ஈடுகொடுக்கத் திணறுவது தனிப் பிரச்சினை. ஊசியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாமல் போய்விடும்.

காயடிப்பதைப் பற்றி நாடுகளுக்கு ஒரே கருத்து இல்லை. பிரிட்டனில் சேவலைக் காயடிக்க அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, பருவம் அடையும் முன் காயடித்து, அதன்பின் குறைந்தது 77 நாள் கொழுக்க வைத்து, 140 நாள் வயதுக்குப் பிறகு வெட்டிய சேவலைத்தான் கேப்பன் என்று விற்கலாம். மயக்க மருந்தில்லாமல் ஒரு பறவையின் விலாவைத் திறப்பது, கறி மென்மைக்காகக் கொடுக்கத் தகுந்த விலைதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டால், தகுந்த விலை இல்லை. பெர்த்தோல்டின் ஆறு சேவல்கள் பட்ட வலிக்காவது ஒரு பெரிய விடை கிடைத்தது. எப்படியானாலும் வீட்டுக் கோழியிடம் இதை யாரும் முயன்று பார்க்கக்கூடாது. மலேசியாவில் பிராணிகளைத் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம்.

காகிதத்தில் செய்து பார்க்க ஒரு சோதனை தருகிறேன். சாதாரண இனச் சேவல் ஒன்றின் இரண்டு விந்தகங்களும் நீக்கப்பட்டுவிட்டன. சில வாரம் கழித்து அதற்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்படுகிறது. கொண்டை, புதிதாக முளைக்கும் இறகு, இரத்தத்தில் உள்ள கொழுப்பு ஆகிய மூன்றும் என்ன ஆகும் என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வியைச் சீப்ரைட் சேவலுக்கு, ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததாக வைத்து மறுபடி எழுதுங்கள். இரண்டாவதில் இறகுக்கு நீங்கள் எழுதும் விடை, முதலாவதில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும்.